என் கண்ணில் கோளாறு இல்லை

மெக்சிகோ தேசத்து மஸத்லான் நகரத்துப் பெருமக்களுக்கும், எங்கள் துறைமுகத்துக்கு வந்துபோகும் சகல தேசத்துக் கப்பல்களுக்கும், இனிமேல் பிறக்கப்போகும் சந்ததியினருக்கும் இதன்மூலம் தெரிவிக்கப்படுவது என்னவென்றால், ஃபிதென்சியோ ஒசூனாவாகிய எனக்கு இரண்டு கண்களும் நன்றாகத் தெரிகின்றன.

இதைத்தான் என் வாக்குமூலத்தில் முதல் வரியாகப் போடவேண்டும், அரசு வக்கீலம்மா. மற்றதெல்லாம் இதற்குப் பின்னால் வரட்டும். உங்கள் தலைக்குப் பின்னால் டயர் கடைக்காரன் கொடுத்த நாள்காட்டி ஒன்று தொங்குகிறது. அதன் அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல் அச்சிட்டிருப்பது 'பழைய டயர் எடுத்துக்கொள்ளப்படும், ஞாயிறு விடுமுறை'. நீங்கள் திரும்பிப் பார்த்துச் சரிபார்க்கலாம். எனக்கு அவசரமில்லை.

காபிக்கு நன்றி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல். ஆனாலும் அரசாங்கக் காபியைக் குறைசொல்லிப் பேச்சைத் தொடங்குவது நாகரிகமல்ல.

காலையில் நான் நிமோனியா ஓட்டுகிறேன். கூரையும் கதவும் இல்லாத அந்த வாடகை வண்டிக்கு இப்படிப் பெயர் வைத்தவன், ஜனவரிக் காற்றில் ஒருமுறை அதில் ஏறியவனாகத்தான் இருக்கவேண்டும். வண்டி என் வயிற்றுக்கு. என் பெயருக்கு வேறு இடம் இருக்கிறது. கடற்கரைச் சாலையில், குதிக்கும் பாறை. மேலே மேடையில் நின்று குதிப்பவன் ஒருவன். கீழே, நுரை தெறிக்கும் திட்டில் நின்று அலை பார்த்துச் சொல்பவன் ஒருவன். கீழே நிற்பவன் நான். முப்பது வருஷமாக. மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். கூப்பிடத் தெரியாதவர்களுக்கு நானே சொல்லிக்கொடுப்பேன்.

உங்கள் குமாஸ்தா மலைப்பக்கத்து ஆள் போலத் தெரிகிறார். அவருக்காகச் சொல்கிறேன். பாறைக்கு அடியில் ஒரு குழி. சும்மா கிடக்கும்போது அதில் குழந்தையைக் குளிப்பாட்டலாம், அவ்வளவுதான் தண்ணீர். அலை உள்ளே வந்தால் மட்டும் ஆள் மூழ்கும். வந்த அலை உடனே திரும்பியும் போய்விடும். ஆகையால் குழி நிறைந்திருப்பதைப் பார்த்துக் குதிப்பவன் காலிக் குழியில்தான் விழுவான். குழி காலியாக இருக்கும்போது குதிக்கவேண்டும். அவன் வந்துசேர்வதும் அலை வந்துசேர்வதும் ஒன்றாக நடக்கும். மேலே நிற்பவனுக்கு வெயில் கூசும், வெளிக்கடலில் கிளம்பி வரும் அலை தெரியாது. அவன் தன் கண்ணை நம்பக்கூடாது. என் குரலை நம்பவேண்டும். நான் 'இப்போ' என்பேன். வெறும் கல்லைப் பார்த்துக்கொண்டே அவன் குதிப்பான். கல்யாணத்தில்கூட இவ்வளவு நம்பிக்கை கிடையாது, எனக்குத் தெரிந்தவரை.

படைத்தலைவன் துப்பாக்கி தூக்குவதில்லை. பாண்டு வாத்தியக் குழுவுக்குக் கோல் ஆட்டுகிறவன் குழல் ஊதுவதில்லை. இது புரியாத கூட்டத்துக்குக் குதிப்பவன்தான் பெரிய ஆள். கைதட்டல் அவனுக்கு, போட்டோ அவனோடு. இதையெல்லாம் நான் பொருட்படுத்தியதே இல்லை.

இனி அந்த நாள். சுற்றுலாக் கப்பல் வந்த நாள் என்றால் உங்களுக்கே தெரியும். ஊர் வேறு முகம் மாட்டிக்கொள்ளும். போன வாரம் சுட்ட மண்பொம்மைக்குத் திடீரென்று ஆயிரம் வயதாகிவிடும். மருந்துக்கடைக்காரன் வாசலில் நின்று டாக்டர் ஆகிவிடுவான். வருஷம் முழுக்க வாய் திறக்காத கிளிகூட இங்கிலீஷில் வணக்கம் சொல்லும். இந்தக் கூத்துக்கு நடுவே மூவாயிரம் பேர் அரைக்கால் சட்டையோடு இறங்குவார்கள். அவர்களை நான் இரண்டு வகையாகப் பிரித்துவைத்திருக்கிறேன். பயப்படுகிறவர்கள், பயப்படாதவர்கள். பயப்படுகிறவர்கள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வருவார்கள். அவர்கள்மேல் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. பயப்படுகிறவனிடம் ஒரு அடக்கம் இருக்கும்.

டாரல் ஹால்வர்சன் இரண்டாவது வகை.

அமெரிக்காவில் மினசோட்டாக்காரர். வருஷத்தில் பாதி உறைந்துகிடக்கும் ஊரில் நீச்சல்குளம் கட்டி விற்றுப் பிழைத்தவர். அங்கே அதை வாங்க ஆள் கிடைத்ததே பெரிய சாதனைதான். அறுபத்தாறு வயது, தொப்பை, மூக்கின்மேல் வெள்ளைக் களிம்பு. பக்கத்தில் மனைவி மார்லிஸ், ஒல்லியான அம்மாள், குடைபோன்ற தொப்பி. இருவரும் ஒரே மாதிரி மஞ்சள் பனியன் போட்டிருந்தார்கள். அதில் நாற்பதாவது கல்யாண நாள் என்று அச்சடித்து, நடுவில் ஒரு இதயம். பிறந்த குழந்தைக்குக் கையில் சீட்டுக் கட்டுவதுபோல், வழி தவறினால் ஜோடி சேர்க்க வசதி. அந்த அம்மாளின் பையில் கப்பலின் காலை உணவு மேசையிலிருந்து காகிதத்தில் சுற்றி எடுத்துவந்த பன் இருந்தது. எல்லாரும் எடுப்பார்கள். ஒருவரும் எடுத்ததாகச் சொல்லமாட்டார்கள்.

"உங்க பேரு?" என்று டாரல் கேட்டார்.

கலிபோர்னியாவில் ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவிய காலத்தில் கற்ற இங்கிலீஷ் என்னிடம் இருக்கிறது. "மாஸ்டர்னு கூப்பிடுவாங்க" என்றேன்.

"அது பட்டம். அப்பா அம்மா வச்ச பேரு?"

சொன்னேன். வழக்கமாக இதைக் கேட்டவுடன் 'ஃபிடோ' என்று நாய்க்குட்டியைக் கூப்பிடுவதுபோல் சுருக்கிக்கொள்வார்கள். இவர் நாலைந்து முறை வாய்க்குள் சொல்லிப் பழகி, சரியாகச் சொன்னார். அங்கேயே எனக்கு அந்த ஆளைப் பிடிக்காமல் போனது.

முதலில் பேராலயம். அந்த மஞ்சள் கோபுரங்களைப் பற்றி நான் ஒரு கதை சொல்வேன். புயலில் தப்பிய கப்பல் தலைவன் ஒருவன், கடலிலிருந்து பார்த்தால் சூரியன் இரண்டு தெரியவேண்டும் என்று நேர்ந்துகொண்டானாம். எவ்வளவோ பேர் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். டாரல் கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டினார்.

"இதுல வேற மாதிரி போட்டிருக்கே, மாஸ்டர்."

"டாரல், அவர் சொல்லட்டுமே. கதை நல்லாத்தானே இருக்கு" என்றாள் மார்லிஸ்.

"நல்லாத்தான் இருக்கு. அதான் சந்தேகமா இருக்கு."

அவர் சிரித்தார். அந்த அம்மாளும் சிரித்தாள். நாற்பது வருஷமாக ஒரே நகைச்சுவைக்கு ஒரே இடத்தில் சிரித்துப் பழகிய சிரிப்பு. நானும் சிரித்தேன். அது வண்டிக் கட்டணத்தில் சேர்த்தி.

பிறகு இறால்காரிகள் தெரு. சாயோவை உங்களுக்குத் தெரியும். குடைக்கடியில் தொட்டியை வைத்துக்கொண்டு, வாயையும் ஒரு கடையாகத் திறந்துவைத்திருப்பவள்.

"என்னய்யா ஃபிதென்சியோ, இன்னிக்கு வலையில ஜோடியா மாட்டிருக்கு? வெயில்ல சிவந்த இந்த வெள்ளைக்காரக் கிரிங்கோ நிறத்துக்கும் என் இறால் நிறத்துக்கும் வித்தியாசமே தெரியல. எதை ஐஸ்ல போடட்டும்?"

"என்ன சொல்றாங்க?" என்றார் டாரல்.

"உங்க உடம்பு நிறத்தைப் பாராட்டறாங்க."

அவர் தொப்பியைக் கழற்றி நன்றி சொன்னார். தெருவே சிரித்தது. அவரும் கூடச் சிரித்தார், ஏதோ புரிந்ததுபோல். சாயோ ஒரு பெரிய இறாலை அவர் காதில் தொங்கவிட்டாள். அப்படியே போட்டோ. கடைசியில் ஒரு கிலோ வாங்கினார்.

"கப்பல்ல ஏத்த விடமாட்டாங்களே, டாரல்" என்றாள் மார்லிஸ்.

"நமக்கு யாரு வாங்கினா? மாஸ்டர் வீட்டுக்கு. அந்தம்மா வெயில்ல எவ்வளவு நேரமா உட்கார்ந்திருக்காங்க பாரு."

ஐஸ் போட்ட பையை என் மடியில் வைத்தார். சாயோ என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். கடலோரத்தில் பிறந்தவனுக்கு, கடலைப் பார்க்க வந்தவன் இறால் வாங்கிக் கொடுக்கிறான்.

மதியம் எலுமிச்சையில் ஊறிய பச்சை இறால் சாப்பிட அழைத்துப்போனேன். சமையல்காரரிடம் மிளகாயைக் கொஞ்சம் கூட்டிப் போடச் சொன்னேன். கொஞ்சம் என்பது என் கணக்கு. டாரலுக்குக் கண்ணில் நீர் கொட்டியது, காது சிவந்தது, மூக்கில் இருந்த களிம்பு கரைந்து உதட்டுக்கு வந்தது. தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இவ்வளவு நாள் எதையோ சாப்பாடுன்னு ஏமாந்திருக்கேன்" என்றார். அவருக்குப் பயப்படவும் தெரியவில்லை, கோபப்படவும் தெரியவில்லை. இப்படிப்பட்டவர்களோடு பழகுவது கஷ்டம்.

மார்லிஸ் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். கப்பல் யாருக்காகவும் நிற்காது. தாமதமாக வருகிறவர்கள் மூட்டையும் தொப்பியுமாகத் துறைமுகத்தில் ஓடிவருவதை, மேல்தளத்தில் நிற்கிறவர்கள் கையில் பானத்தோடு கைதட்டி ரசிப்பது அவர்கள் வழக்கம்.

"போன ஊர்ல ஒரு தாத்தா செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடிவந்தாரே, நாமளும்தானே கைதட்டினோம். இன்னிக்கு நமக்குத் தட்டுவாங்க" என்றாள்.

"பாறையை மட்டும் பார்த்துட்டுப் போயிடலாம், கண்ணு."

பாறைக்கு வந்தோம். வண்டியை நிறுத்திவிட்டு நான் திட்டில் இறங்கி என் இடத்தில் நின்றேன். மேலே ரொஸெந்தோ. முப்பது வயதுப் பையன், இப்போது குதிப்பவர்களில் கெட்டிக்காரன். அலையைப் பார்த்தேன், சொன்னேன், குதித்தான். அழகாகக் குதித்தான், அதாவது நான் சரியாகச் சொன்னேன். கூட்டம் அவனுக்குக் கைதட்டியது. தண்ணீர் சொட்டச் சொட்ட அவன் தொப்பியை நீட்டிக்கொண்டு வந்தான். எங்கள் தொழிலில் துவட்டிக்கொள்ளக்கூடாது. நனைந்த மனிதனுக்குத்தான் கை நீளும். உலர்ந்துவிட்டால் அவன் வெறும் பிச்சைக்காரன்.

டாரல் மட்டும் கைதட்டவில்லை. வாயைத் திறந்தபடி குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலிக் குழியில குதிச்சாரு" என்றார் மெதுவாக. "தண்ணி அப்புறம்தான் வந்துச்சு. மார்லிஸ், பார்த்தியா? தண்ணி வரும்னு நம்பிக் குதிக்கிறாரு."

முப்பது வருஷத்தில் பார்த்த உடனேயே இதைப் புரிந்துகொண்ட சுற்றுலாக்காரர் அவர் ஒருவர்தான். எனக்கு மகிழ்ச்சி வந்திருக்கவேண்டும். வரவில்லை.

"எனக்கு ஒரு தடவை குதிச்சுப் பார்க்கணும்" என்றார் ரொஸெந்தோவிடம். நான் மொழிபெயர்த்தேன்.

"சார், இது உங்க ஊர் நீச்சல்குளம் இல்ல. அடியில கல்லு. எனக்கே உரசிடுச்சு, பாருங்க." தோள்பட்டைத் தழும்பைக் காட்டினான்.

"காலேஜ்ல உயர மேடையிலிருந்து குதிக்கிறதுல நான் மாநிலத்துலயே ரெண்டாவது."

"முதல்ல வந்தவரைக் கூட்டிட்டு வாங்க சார். அவருக்கும் வேணாம்னுதான் சொல்லுவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் டாரல். அவன் தோளைத் தட்டிவிட்டு, "சரிதான், சரிதான்" என்று விலகினார். விஷயம் அதோடு முடிந்திருக்கும். சாலைக்கு மறுபுறம் இன்னொரு பஸ் வந்து நின்றது. உடம்பு காய்வதற்குள் ரொஸெந்தோ தொப்பியோடு அங்கே ஓடினான். டாரல் பாறையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார், மிட்டாய்க்கடைக் கண்ணாடி முன்னால் நிற்கிற பிள்ளைமாதிரி.

நான்தான் பேச்சைத் தொடங்கினேன், வக்கீலம்மா. இதில் யாரையும் இழுக்கவேண்டாம்.

"ரொஸெந்தோ சின்னப் பையன். இந்தப் பாறையில முடிவு சொல்றது நான்" என்றேன்.

"நீங்க சரின்னா குதிக்கறேன். வேணாம்னா இப்பவே வண்டியில ஏறிடறேன்."

"அலை நல்லா வருது. நான் சொல்றப்போ குதிச்சா ஒண்ணும் ஆகாது."

மார்லிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் சில்லென்றிருந்தன. "மாஸ்டர், நிஜத்தைச் சொல்லுங்க. எனக்கு இவரைத் தவிர யாரும் கிடையாது. ஆபத்து இல்லையே?"

"அம்மா, முப்பது வருஷத்துல என் குரலுக்குக் குதிச்ச ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆனதில்ல."

அது உண்மை. நான் பொய் பேசுவதில்லை.

அப்போதே தீர்மானித்துவிட்டாயா என்று கேட்பீர்கள். இல்லை. அப்போது நான் எதிர்பார்த்தது வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் குடித்துவிட்டு இளவட்டங்கள் வருவார்கள். சவால் விட்டு மேலே ஏறுவார்கள். விளிம்புக்குப் போய்க் கீழே பார்ப்பார்கள். பிறகு உட்கார்ந்துவிடுவார்கள். உட்கார்ந்தபடியே, பின்புறத்தைத் தேய்த்துக்கொண்டு, படியைக் கையால் தடவித்தடவி இறங்குவார்கள். கீழே நின்று அதைப் பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு. நான் ஒருவரையும் கேலி செய்ததில்லை. ஒவ்வொருவனிடமும் போய், "இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல தம்பி, இது எல்லாருக்கும் வராது" என்று சொல்லி அனுப்புவேன். டாரலுக்கும் அதே வார்த்தையைத் தயாராக வைத்திருந்தேன். மாநிலத்தில் இரண்டாவது இடம், முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டே இறங்கிவரும். நான் கைகொடுத்து வண்டியில் ஏற்றுவேன். நல்ல நாளாக முடிந்திருக்கும்.

அவர் இறங்கவில்லை.

மஞ்சள் பனியனைக் கழற்றி, நாலாக மடித்து, அதன்மேல் கண்ணாடியை வைத்தார். கைப்பிடிக் கம்பியைத் தொடாமல் விளிம்புக்கு வந்தார். கால்விரல்கள் கல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முழங்கால் நடுங்கவில்லை. நான் நன்றாகப் பார்த்தேன். முன்பே சொன்னேன், எனக்குக் கண் நன்றாகத் தெரியும்.

"மாஸ்டர், மேல வாங்க. சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கலாம். மார்லிஸ் எடுப்பா."

"என் இடம் கீழே."

"ஒரே நிமிஷம். உங்க பாறைதானே, நீங்க இல்லாம எப்படி?"

சாலையில் நின்றவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். யாரோ ஒருவன் கைதட்டிக்கூட அழைத்தான். அலை வருகிறது, பேசாதீர்கள் என்றேன். அலை வரவில்லை. அன்று நான் சொன்ன ஒரே பொய் அதுதான், அதுவும் சின்னது.

பிறகு அலை வந்தது. நல்ல அலை. விட்டேன். அதன் பின்னால் வந்தது அதைவிட நல்லது, அகலமாக, குழிக்கு நேராக, கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அதையும் விட்டேன். இதைக் குமாஸ்தா கவனமாகத் தட்டச்சு செய்யவேண்டும். தப்பாகக் கணிக்கிறவன் கெட்ட அலையை நல்லதென்று எடுப்பான். நல்லது இரண்டை அடையாளம் கண்டபின் நழுவவிடமாட்டான்.

அலைகள் கூட்டமாக வரும். கூட்டம் போனபின் கடல் மூச்சை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். வெளியே சோற்றுத் தட்டுப்போலச் சமதளமாக இருந்தது. குழியின் அடியில் ஒரு நண்டு நடந்துபோனது. அதன் கால்களைக்கூட என்னால் எண்ணியிருக்கமுடியும்.

"இப்போ" என்றேன்.

குரல் தெளிவாக இருந்தது. ஒரு கணம்கூட அவர் தயங்கவில்லை. காலிக் குழியைப் பார்த்துக்கொண்டே, அன்று மதியம் அவர் புரிந்துகொண்டது எதுவோ அதை அப்படியே நம்பிக் குதித்தார். கைகள் நேராக, பாதம் நீண்டு, தொப்பையைக்கூட எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டார். ரொஸெந்தோவைவிட அழகாகக் குதித்தார் என்பதையும் நேர்மை கருதிப் பதிவு செய்கிறேன்.

சத்தத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ரொஸெந்தோ சாலையைக் கடந்து, தொப்பியை வீசிவிட்டு, தடுப்புச்சுவரிலிருந்தே, அதற்குள் வந்துவிட்ட அலையில் பாய்ந்தான். மார்லிஸ் கத்தவில்லை. படியில் இறங்கி வந்து, முழங்கால்வரை நனைந்து நின்று, "டாரல், கப்பலுக்கு நேரமாச்சு" என்றாள். இரண்டு முறை சொன்னாள். நான் கூட்டத்தை விலக்கி ஆம்புலன்ஸுக்கு வழி ஏற்படுத்திக் கொடுத்தேன்.

மாலையில் கப்பல் ஊதிவிட்டுப் போனது. போவதற்குமுன் அவர்களுடைய பெட்டிகளையும் பாஸ்போர்ட்டையும் அறையிலிருந்து எடுத்துத் துறைமுகத்தில் இறக்கி வைத்தார்கள். அதில் அவர்கள் மிகவும் ஒழுங்கு. அவற்றை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நான்தான், என் வண்டியில், கட்டணம் வாங்காமல். தாழ்வாரத்தில் மார்லிஸ் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உங்க மேல தப்பே இல்ல, மாஸ்டர். நீங்க மனசு உடைஞ்சுடாதீங்க" என்றாள். கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் கணவன் படுத்திருக்கும்போது, வண்டிக்காரனுக்கு ஆறுதல். அந்த ஜாதியே அப்படி. யாருக்காவது எதையாவது கொடுக்காமல் இருக்கமுடியாது.

வீட்டுக்குப் போனபோது வண்டியில் அந்த இறால் பை இருந்தது. ஐஸ் பாதி கரைந்திருந்தது. பூண்டு போட்டு வதக்கினேன். நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் போலீஸ்காரர் போய் டாரலிடம் வாக்குமூலம் வாங்கினார். அதை நீங்கள் படித்திருப்பீர்கள். "அவர் கூப்பிடவே இல்லை. நான்தான் பொறுக்காமல் குதித்துவிட்டேன். அந்த மனிதருக்குத் தொந்தரவு கொடுக்காதீர்கள்." மூன்றாம் நாள் இறந்துபோனார்.

அது பொய், வக்கீலம்மா. நான் கூப்பிட்டேன். அவர் காத்திருந்தார், நான் கூப்பிட்டபின்தான் குதித்தார். காலையில் என் பேராலயக் கதையைத் திருத்தியவர், சாகும்போது என்னையும் திருத்திவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு ஏதோ கைதவறிவிட்டதாக நினைத்து, ஏழை பிழைத்துப்போகட்டும் என்று ஒரு பொய்யை மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் கேட்டேனா?

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் சாலையில் நின்றவர்களுக்குக் காது இருக்கிறதே. நான் கூப்பிட்டதைப் பத்துப் பேர் கேட்டிருக்கிறார்கள். குதிப்பவர்கள் எல்லாம் கூட்டம் போட்டார்கள். கொலை என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. அதற்குக்கூட என்னிடம் சரக்கு இருக்கும் என்று நினைக்கவில்லை. ரொஸெந்தோ வீட்டுக்கு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, நோயாளியிடம் பேசும் குரலில் பேசினான்.

"மாஸ்டர், வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். இதுல வெட்கப்பட என்ன இருக்கு? பசங்க எல்லாம் சேர்ந்து வாங்கினோம்."

ஒரு பெட்டியை நீட்டினான். மூக்குக்கண்ணாடி. இதோ உங்கள் மேசைமேல் வைக்கிறேன். தடித்த கண்ணாடி, கறுப்புச் சட்டம். இதைப் போட்டால்தான் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை.

என் திட்டில் இப்போது ரொஸெந்தோவின் தங்கை யாதிரா நிற்கிறாள். இருபத்திரண்டு வயது. குரல் பத்தாது என்று விசில் ஊதுகிறாள், போக்குவரத்துப் போலீஸ் மாதிரி. கூட்டம் குறைந்த நேரத்தில் அண்ணனைக் கீழே நிறுத்திவிட்டு அவளே மேலே ஏறிக் குதிக்கவும் செய்கிறாள். அதற்கும் கைதட்டுகிறார்கள். நேற்று இறால் தெருவில் சாயோ ஒரு நோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஃபிதென்சியோ, இது நூறா இருநூறான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்" என்றாள். தெருவே சிரித்தது.

ஆகவேதான் வந்தேன். நீங்கள் கூப்பிட்டு வரவில்லை, நானாக வந்தேன், இதையும் குறித்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷத்தில் என் அலை ஒன்றுகூடத் தவறியதில்லை. அன்றும் தவறவில்லை. தண்ணீர் இல்லை என்று எனக்குத் தெரியும், துல்லியமாகத் தெரியும், தெரிந்துதான் 'இப்போ' என்றேன். இதற்குச் சட்டத்தில் கொலை என்று பெயர் இருந்தால் அப்படியே போடுங்கள். தவறு என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த வார்த்தைக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். கேட்கவேண்டியதுதான். அந்த உயரம் கடைவீதியில் தொங்கும் தொப்பி அல்ல, வக்கீலம்மா. காலையில் இறங்கி மாலையில் ஏறப்போகிறவர், சாப்பாட்டுக்கும் கப்பலுக்கும் நடுவே, பனியனை மடித்து வைத்துவிட்டு, எங்கள் வாழ்நாளை ஒரு நிமிஷத்தில் போட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடலாமா? போய், மினசோட்டாவில் பனி பெய்யும்போது, நானும் குதித்தேன் என்று சொல்வதற்கா? குதிப்பவர்களுக்கென்று ஒரு மானம் இருக்கிறது. அப்பன், பாட்டன் காலத்திலிருந்து எங்கள் ரத்தம் ஊறிய கல் அது. எங்களில் ஒருவனாக நின்று அந்த மானத்தை நான் காப்பாற்றினேன். ரொஸெந்தோவுக்கு இது புரியாது. ஒருநாள் புரியும்.

அவ்வளவுதான். படித்துக் காட்டச் சொல்லுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். குமாஸ்தா ஐயா ஏதோ கேட்கிறார்.

"தொழில்னு வர்ற இடத்துல, பாறையிலிருந்து குதிப்பவர்னு போட்டுடட்டுமா, மாஸ்டர்?"

வேண்டாம். வண்டி ஓட்டுபவர் என்று போடுங்கள். நான் ஒருமுறைகூடக் குதித்ததில்லை.